ஆறு மேசைக் கடையும் என் மூஞ்சியும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை கொத்தனார் வந்து, என் அடுப்பு மேடையை ஒரே போடாகப் போட்டு உடைத்தார். சுவருக்குள் குழாய் ஒழுகுகிறதாம். கீழ்வீட்டுக் கூரை நனைந்து ஊறிப்போய்விட்டதாம். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். “பத்து நாள்மா” என்றார்.

இருபத்தாறு வருடம் நான் நின்று சமைத்த இடம். ஒரு சொட்டுக் கண்ணீராவது விட வேண்டாமா? முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். கொத்தனார் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, “ஏம்மா சிரிக்கிறீங்க?” என்கிறார்.

என் முகம் இப்படித்தான். நான் ஒன்று சொன்னால் அது வேறொன்று சொல்லும்.

பத்து நாள் சமைக்க வேண்டாம்!

மார்ச் 5, புதன்

முதல் நாள் சாப்பாடு பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் இருக்கும் பெரிய ஓட்டலில். பட்டியலில் ஒவ்வொரு பண்டத்துக்கும் வண்ணப்படம். படத்தில் இருந்தது கொழுகொழுவென்று ஒரு கோழி. தட்டில் வந்தது அதன் தூரத்துச் சொந்தம்.

இவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பரிமாறுகிறவர் காதில் விழும்படி, “எங்க வீட்ல செய்ற மாதிரி வராது” என்றார். கணக்கு வாத்தியார் குரல், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். பரிமாறுகிறவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, “அப்ப வீட்லயே சாப்பிட்டிருக்கலாமே சார்” என்றார். தண்ணீர் தம்ளருக்கு வெளியேதான் அதிகம் விழுந்தது.

கட்டிக்கொண்டவளுக்கு விசுவாசமாக இருக்க வேண்டியதுதான். அதற்காக எச்சில் துப்பிக் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே சாப்பிடும்படியா?

மார்ச் 6, வியாழன்

ரொட்டிக் கடையில் “இது இன்னைக்குப் போட்டதா?” என்று கேட்டேன். “போட்ட அன்னைக்கு அது இன்னைக்குப் போட்டதுதாம்மா” என்றார் கடைக்காரர். இந்தப் பதிலுக்காகவே இரண்டு வாங்கினேன். இவருக்குக் கடைவாய்ப்பல் ஆடுகிறது.

மார்ச் 7, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்! நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து நான்காவது கடை. தினமும் தாண்டித்தான் போகிறேன், ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. ஆறே மேசை. வாசலில் ஒரு கரும்பலகை, அதில் ஒரு சூப், ஒரு சோறு, ஒரு காய், ஒரு மீன். அவ்வளவுதான் பட்டியல்.

கல்லாவில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. சிரிப்பை எல்லாம் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியவர் மாதிரி ஒரு முகம். சமைப்பது அவருடைய தம்பி. ஒடிசலாக, நீளக் கழுத்தோடு, சமையலறை வாசலில் ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்கிறார். பார்த்தவுடன் கொக்கு என்று பெயர் வைத்துவிட்டேன்.

பருப்பு சூப் நன்றாகவே இருந்தது. உப்புதான் கொஞ்சம் கம்மி. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது கரண்டி வாய்க்குப் போகும் முன்பே கொக்கு என் மேசைக்கு உப்புக் கிண்ணம் அனுப்பினார். என்ன கவனிப்பு!

மார்ச் 10, திங்கள்

இதை எப்படி எழுதுவது? கொக்கு என்னையே பார்க்கிறார்.

சும்மா வந்த பிரமை இல்லை. ஆறு மேசையிலும் ஆள் இருந்தது. மற்றவர்களைப் பார்க்கவே இல்லை. நான் கரண்டியை எடுத்ததிலிருந்து வாயில் வைத்து விழுங்கும் வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. நான் நிமிர்ந்தால் சட்டென்று உள்ளே போய்விடுகிறார்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. முழங்காலுக்குத் தனியாகத் தைலம் வைத்திருப்பவள். இருந்தாலும் பொய் சொல்வானேன்? நடந்து திரும்பும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

கல்யாணங்களுக்கு மட்டும் போடும் தோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். சும்மாதான்.

பார்த்தார்.

மார்ச் 12, புதன்

மாடிவீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் தபால். உள்ளே போட்டால் போதும், முகவரி எழுத வேண்டியதில்லை, எல்லா வீட்டுக்கும் தானே போய்ச் சேரும். நான் மட்டும் என்ன? இந்தத் தெருவில் யார் யாரோடு பேச்சை நிறுத்தினார்கள், யார் வீட்டில் புதுக் கட்டில் வந்தது எல்லாம் என்னிடம்தான் தேதி வாரியாக இருக்கும்.

“உன்னையா?” என்றாள் தபால். அந்த ‘யா’வை அவ்வளவு நீட்டியிருக்க வேண்டாம்.

“ஏன், பார்த்தா என்ன?”

“அவருக்குக் கண்ணு சரியில்லையோ என்னவோ. உங்க கடைக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு கண்ணாடி போட்டு விடேன்டி.”

“யார்கிட்டயும் சொல்லிடாதே” என்றேன். இந்த வார்த்தையை அவளிடம் சொல்வது, உறையில் தபால்தலை ஒட்டுவதற்குச் சமம். தெரிந்துதான் சொன்னேன்.

மார்ச் 14, வெள்ளி

போய்ச் சேர்ந்துவிட்டது. கண்ணாடிக்குப் பிடி மாற்ற வந்த ஒரு பெரியம்மா, மூக்கின் மேல் சட்டத்தை நான் சரிசெய்துகொண்டிருக்கும்போதே, “மதியச் சாப்பாடு எல்லாம் பலமா இருக்காமே?” என்றார். கையில் இருந்த திருகாணி எங்கேயோ உருண்டு போயிற்று.

பத்தாம் நாள் எப்போது வரும் என்று கொத்தனாரிடம் கேட்டேன். “இன்னும் பத்து நாள்மா” என்றார்.

மார்ச் 17, திங்கள்

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா? முகம் இன்னும் சூடாக இருக்கிறது. எழுதித்தான் ஆற வேண்டும்.

இந்தப் பேச்சு இவர் காதுக்குப் போவதற்குள் நானே கொக்கைக் கண்டித்து நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். கற்புக்கரசி மாதிரி. காலை ஒன்பதரைக்கு அக்கா காய் வாங்கப் போயிருக்கும் நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாகப் போனேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“தம்பி, எதுக்கு என்னை அப்படிப் பாக்கறீங்க? நான் குடும்பஸ்தி.”

கொக்கு கத்தியைக் கீழே வைத்தார். முகம் வெளிறிவிட்டது. ஆஹா, பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

“கண்டுபிடிச்சிட்டீங்களாக்கா?”

“தெருவுக்கே தெரியும்.”

“தெருவுக்கேவா!” அப்படியே மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். “அப்ப முடிஞ்சுது. கடையை மூட வேண்டியதுதான்.”

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு மாதம் முன்பு அவருக்குக் கடுமையான காய்ச்சலாம். காய்ச்சல் போகும்போது வாசனையையும் ருசியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போய்விட்டதாம். வெங்காயமும் ஒன்றுதான், சோப்பும் ஒன்றுதான். திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றாராம் டாக்டர். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. கை அளவில் சமைத்துவிட்டு, சாப்பிடுகிறவர்கள் முகத்தைப் பார்த்து உப்பு, புளிப்பு, காரம் சரிசெய்கிறார்.

“மத்தவங்க மூஞ்சியில ஒண்ணும் தெரியலைக்கா. எல்லாரும் போனைப் பார்த்துட்டே சாப்பிடறாங்க. உங்க மூஞ்சி அப்படி இல்ல. உப்பு கம்மின்னா இடது புருவம் ஏறும். புளிப்பு ஜாஸ்தின்னா மூக்கு சுருங்கும். பொய்யே சொல்லாது. நீங்க வந்த அப்புறம்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு.”

நான் தோட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

ஆக, ஒரு மனுஷன் என்னை இப்படிக் கண்ணெடுக்காமல் பார்த்ததற்குக் காரணம் என் அழகு இல்லை. நான் ஓர் உப்பு அளவி.

சிரிக்கத்தான் தோன்றியது. ஆனால் அவர் சொன்ன அடுத்த விஷயத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்துத் தையல் ஆலையிலிருந்து, தினமும் அறுபது பேருக்கு மதியச் சாப்பாடு கேட்டிருக்கிறார்களாம். சனிக்கிழமை மேலாளர் அம்மா வந்து ருசி பார்க்கிறார். அது கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் கடையை மூடிவிடுவோம் என்று அக்கா முடிவே செய்துவிட்டாராம்.

“சமையல்காரனுக்கு ருசி தெரியலைன்னு வெளிய தெரிஞ்சா யாருக்கா வருவாங்க? சனிக்கிழமை வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்க வீட்டுக்காரர்கிட்டகூட. சத்தியம் பண்ணுங்க.”

பண்ணிவிட்டேன். என்னிடம் போய்ச் சத்தியம் வாங்குகிறார், பாவம், ஊருக்குப் புதுசு.

மார்ச் 18, செவ்வாய்

நெஞ்சு வரைக்கும் நிற்கிறது. இதைவிட ருசியான செய்தி என் வாழ்நாளில் என் கைக்கு வந்ததில்லை, அதைச் சொல்ல முடியவில்லை. தபால் படியில் நின்று, “என்னடி, உங்காளு என்ன சொல்றாரு?” என்கிறாள். உண்மையைச் சொன்னால் என் மானம் பிழைக்கும், அவர் கடை போகும். வாயில் ரொட்டியை அடைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

கடினமான ரொட்டிக்கும் ஓர் உபயோகம் இருக்கிறது.

மார்ச் 19, புதன்

தினமும் ஒன்பதரைக்குப் பின்வாசல் வழியாகப் போய் எல்லாப் பாத்திரத்திலும் ஒரு கரண்டி ருசி பார்க்கிறேன். சனிக்கிழமைக்கு மட்டும் ஜாடை. எல்லோர் முன்னாலும் எழுந்து போய்ச் சொல்ல முடியாதே! காதைத் தொட்டால் உப்பு வேண்டும். கன்னத்தைத் தொட்டால் காரம் குறைய வேண்டும். முகவாயைத் தொட்டால் புளிப்பு. எனக்கு முதல் கிண்ணம் வரும், நான் ஜாடை காட்டுவேன், அதன்பிறகே ஆலைக்காரர்களுக்குப் போகும்.

பின்வாசலிலிருந்து வெளியே வரும்போது எதிரில் தபால், கையில் பால் பாக்கெட்டோடு. என்னைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

போச்சு.

மார்ச் 21, வெள்ளி

இவர் இன்று இரண்டு தடவை சவரம் செய்துகொண்டார். ஏன் என்று கேட்டேன். “சும்மாதான்” என்றார். நாளைக்கு மதியம் ஆறு மேசைக் கடைக்குத் தானும் வருகிறாராம். இத்தனை நாள் பள்ளிக்கூடத்துச் சாப்பாடே போதும் என்றிருந்த மனுஷன்!

மார்ச் 22, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரு மேசையில் ஆலை மேலாளர் அம்மாவும் இன்னும் இரண்டு பேரும். ஜன்னலோரம் நானும் இவரும். அடுத்த மேசையில் தபால். இவள் எங்கே வந்தாள்? ஐந்து வருடத்தில் வெளியே சாப்பிட்டுப் பார்த்ததில்லை. வேடிக்கை பார்க்கத்தான் வந்திருக்கிறாள், ஒரு தட்டு சோற்றைக் கையில் பிடித்துக்கொண்டு.

மீனுக்கு ஒரு காது. காய்க்கு ஒன்றுமில்லை, பிரமாதம். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் பருப்பு சூப் வந்தது. ஒரு கரண்டி வாயில் வைத்தேன்.

அடிப்பிடித்துவிட்டது!

அடிப்பிடித்ததற்கு நாங்கள் ஜாடை வைக்கவில்லை.

காது, கன்னம், முகவாய் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். கொக்கு ஒன்றும் புரியாமல் கழுத்தை நீட்டுகிறார். மூக்கைப் பிடித்துக் காட்டினேன். தலையை ஆட்டினேன். கையால் விசிறினேன். உள்ளங்கைக்குக் கீழே இன்னொரு கையால் தீ எரிவதுபோல விரல்களை ஆட்டினேன். கல்லா அக்கா எழுந்தே விட்டார். மேலாளர் அம்மா, “அவங்களுக்கு ஏதாவது முடியலையா?” என்கிறார். இவர் குனிந்த தலை நிமிராமல் கைக்குட்டையை நான்காக, எட்டாக, பதினாறாக மடித்துக்கொண்டிருக்கிறார்.

நல்லவேளை, அப்போதுதான் கொக்குக்குப் புரிந்தது. ஆலைக்காரர்களுக்குத் தட்டோடு கிளம்பிவிட்ட மூன்று கிண்ணத்தையும் பாதி வழியில் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். பத்து நிமிடத்தில் தக்காளியும் முட்டையும் போட்டு ஒரு சூப். முதல் கிண்ணம் எனக்கு.

என்ன சூப்! வெறும் பயத்தில் வைத்த சூப் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று யார் கண்டார்கள்? சந்தோஷத்தில் தலைகால் தெரியவில்லை. நன்றாக இருக்கிறது என்பதற்கும் ஜாடை வைக்கவில்லையே! டிவி சமையல் நிகழ்ச்சியில் செய்வார்களே, அதுபோல ஐந்து விரலையும் குவித்து உதட்டில் வைத்து அவரைப் பார்த்து விரித்தேன்.

செய்த பிறகுதான் அது என்னவாகத் தெரியும் என்று உறைத்தது.

தபால் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்த சத்தம் இன்னும் கேட்கிறது.

புதன்கிழமை சொல்கிறோம் என்று ஆலைக்காரர்கள் கிளம்பினார்கள். அவர்கள் தலை மறைந்ததும் அக்கா என் மேசைக்கு வந்தார்.

“நானும் நாலு நாளா கேள்விப்படறேன், நம்பலை. என் தம்பியைப் பார்த்து என்னங்க அது? அதுவும் வீட்டுக்காரரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு?”

உள்ளே கொக்கு கல்லாய் நிற்பது தெரிகிறது. வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் வாய், அது சும்மா இருக்கிற வாயா? ஆனால் வாசலில் ஆலைக்காரர்களின் வண்டி இன்னும் கிளம்பவில்லை. கடையில் பாதிப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

“சூப் நல்லா இருந்துதுங்க” என்றேன்.

“இனிமே இந்தக் கடைப் பக்கம் வராதீங்க.”

மார்ச் 23, ஞாயிறு

ரொட்டி. வாழைப்பழம். இவரும் நானும் கூடத்தில் சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டோம். என்னால்தான் பொறுக்க முடியவில்லை.

“நீங்க ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?”

“என்ன கேக்கணும்?”

“தெருவே கேக்குதே!”

இவர் வாழைப்பழத் தோலை ஒழுங்காக மடித்து வைத்தார். “கல்யாணமான புதுசுல ஒருநாள் நீ பாயசத்துல சக்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டே. ஞாபகம் இருக்கா? அன்னையிலிருந்து நீ முதல் வாய் வைக்காம நான் சாப்பிட்டதே இல்ல. உன் மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் கையை வைப்பேன்.”

“என்ன!”

“அந்த ஆளும் அதையேதான் செய்றார். நேத்து நேர்ல பார்த்ததும் தெரிஞ்சுது. உன்னைப் பாக்கலை. நீ மெல்றதைப் பாக்கிறார். ஏன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும், சொல்லக் கூடாதுன்னு இருக்கே. அது மட்டும்தான் எனக்கு ஆச்சரியம்.”

“அப்ப ரெண்டு தடவை சவரம் எதுக்கு?”

“அது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எனக்கு இதெல்லாம் தெரியாதே” என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இருபத்தாறு வருடமாக என்னைச் சோதனை எலியாக வைத்திருந்திருக்கிறார். சண்டை போட வேண்டும். சமையலறை வரட்டும், போடுகிறேன்.

மார்ச் 24, திங்கள்

கண்ணாடிக் கடைக்குத் தேவை இல்லாமல் ஒன்பது பேர் வந்து கண் சோதித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் கண் நன்றாக இருக்கிறது. என்னைத்தான் பார்க்க வந்தார்கள். முதலாளிக்கு ஏக சந்தோஷம்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கவில்லை. திறக்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

மத்தியானம் அக்கா கடைக்குள் வந்தார். பின்னாலேயே, தலை நிலைப்படியில் இடிக்காமல் குனிந்துகொண்டு, கொக்கு.

“நேத்துப் பூரா இவன் சாப்பிடலை. என்னடான்னு உலுக்கினேன். எல்லாத்தையும் சொல்லிட்டான்” என்றார் அக்கா. அப்புறம் எனக்கு எதிரில் இருந்த, கண் சோதிக்கும் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். “ஊர்ல யார் வீட்ல தும்மினாலும் மறுநிமிஷம் உங்ககிட்டருந்து செய்தி வரும்னு சொன்னாங்க. இதை ஏங்க சொல்லலை? நான் அத்தனை பேர் முன்னாடி அவமானப்படுத்தினேனே!”

“சொன்னா உங்க கடை போயிடும்ல? என் மானம் பரவாயில்லைங்க, பழசுதான்.”

அக்கா சிரித்தார். அந்தப் பெட்டி திறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டு சொத்தைப்பல்.

கொக்கு ஆலைக்கும் தானே போய், மேலாளர் அம்மாவிடம் நேரில் சொல்லிவிட்டாராம். அந்தச் சூப் கிண்ணம் எல்லாம் வீணா? “நாளைக்குச் சொல்றோம்னாங்க. முகத்துல ஒண்ணும் தெரியலைக்கா. உங்களை மாதிரி இல்ல” என்றார்.

மார்ச் 26, புதன்

அறுபது இல்லை. முப்பது. ஒரு மாதம் பார்க்கிறார்களாம், பிடித்தால் மீதி முப்பது. “அடிப்பிடிச்ச சூப்பை எங்க மேசைக்கு வர விடாம திருப்பி எடுத்துட்டுப் போனீங்களே, அது போதும்” என்றாராம் மேலாளர் அம்மா.

முப்பது போதும், கடை திறந்திருக்க!

ஏப்ரல் 1, செவ்வாய்

விஷயம் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் இல்லை. கொக்கே ஒவ்வொரு மேசைக்கும் போய்ச் சொன்னார். ஒரு வாடிக்கையாளர்கூட வருவதை நிறுத்தவில்லை. வினை வேறு விதமாக வந்தது. இப்போது வருகிறவர்கள் எல்லோரும் புருவத்தைத் தூக்கி, மூக்கைச் சுருக்கி, காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கடையில் பாதிப் பேருக்கு வலிப்பு. தபால்தான் எல்லோரையும்விட அதிகமாக மூஞ்சியைக் கோணுகிறாள். “என் மூஞ்சியும் பேசும்டி” என்கிறாள். “அது என்னைக்குப் பேசாம இருந்துது?” என்றேன்.

காலை ஒன்பதரைக்குப் பாத்திரங்களில் ருசி பார்ப்பது மட்டும் என் உத்தியோகம். இப்போது முன்வாசல் வழியாகவே போகிறேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

கொக்குக்கு இன்று எலுமிச்சை வாசனை லேசாகத் தெரிந்ததாம். முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றார். அப்புறம் போய்விட்டதாம். பரவாயில்லை, வழி தெரிந்துவிட்டதே, திரும்பவும் வரும்.

ஏப்ரல் 9, புதன்

காலையில் ருசி பார்த்து முடித்தபின், கொக்கு ஆலைக்குச் சாப்பாட்டுக் கூடைகளை எடுத்துக்கொண்டு போனார். அக்காவும் நானும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அக்கா கையை நிறுத்திவிட்டு, “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தம்பிக்குக்கூடத் தெரியாது. வேற யார்கிட்டயும் சொல்ற மாதிரி இல்ல, அதான் உங்ககிட்ட” என்றார்.

சொன்னார். அரை மணி நேரம் ஆயிற்று. பட்டாணி முழுக்க நானே உரித்தேன்.

திரும்பி வரும் வழியில் தபால் மாடிப்படியிலேயே மறித்துக்கொண்டாள். “என்னடி மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? என்ன விஷயம்?”

“பட்டாணி உரிச்சேன்” என்றேன்.

அக்கா சொன்னதை இங்கேயும் எழுதப்போவதில்லை.